மைதானத்துக்கு வெளியே பத்து மாதங்கள்

சூதாட்டத்தில் சிக்கிய சாண்ட்ரோ டொனாலியை இத்தாலியும் நியூகாசிலும் மீட்ட விதம்

ஃப்ளாரன்ஸ் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கோவெர்ச்சானோ. இத்தாலிய தேசியக் கால்பந்து அணி கூடிப் பயிற்சி எடுக்கும் இடம். இத்தாலி வென்ற உலகக் கோப்பைகளின் நினைவுகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. 2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை, அந்த வளாகத்துக்குள் போலீஸ் வந்தது.

இரண்டு நாளில் பாரி நகரத்தில் மால்டாவுடன் ஆட்டம். அதற்கடுத்த மூன்றாம் நாள் வெம்பிளியில் இங்கிலாந்துடன். யூரோ 2024 தகுதிச் சுற்று. பயிற்சியாளர் லூச்சானோ ஸ்பலேட்டி பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் தேடியது இரண்டு பேரை: நிக்கோலோ சனியோலோ, சாண்ட்ரோ டொனாலி. சட்டவிரோத ஆன்லைன் பந்தயம் குறித்து டூரின் அரசு வழக்கறிஞர்கள் நடத்தும் விசாரணையில் அவர்கள் பெயரும் இருப்பதாக முறைப்படி தெரிவிக்கப்பட்டது. இருவரும் முகாமைவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த ஆட்டங்களை எதிர்கொள்ளும் நிலையில் அவர்கள் இல்லை என்று சொல்லி, கிளப்புகளுக்குத் திருப்பி அனுப்பியது இத்தாலியக் கால்பந்து சம்மேளனம்.

டொனாலிக்கு அப்போது வயது 23. மூன்று மாதத்துக்கு முன்புதான் ஏசி மிலானிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட்டுக்குப் போயிருந்தார். விலை ஏறத்தாழ 7 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை எந்த இத்தாலிய வீரருக்கும் அவ்வளவு கொடுக்கப்பட்டதில்லை. போலீஸ் வந்து போன இரண்டே வாரத்தில், எந்த அதிகாரப்பூர்வ ஆட்டத்திலும் ஆடக் கூடாது என்ற 10 மாதத் தடை அவர் மீது விழுந்தது.

அவர் விழுந்த கதையை உலகமே அலசித் தீர்த்துவிட்டது. எழுந்த கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஒருவரைத் தண்டிக்கும்போதே அவருக்கு வைத்தியமும் பார்க்க முடியும் என்று ஒரு விளையாட்டு அமைப்பு செய்து காட்டிய கதை அது.

லோடியிலிருந்து சான் சீரோவுக்கு

லோடி, மிலானுக்குத் தென்கிழக்கே உள்ள சிறிய நகரம். 2000 மே 8 அன்று அங்கே பிறந்த டொனாலி, பியாசென்சாவின் இளையோர் அணியில் ஆடி, பிறகு ப்ரேஷா கிளப்புக்குப் போனார். 17 வயதில் இரண்டாம் டிவிஷனான சீரி பி-யில் அறிமுகம். அடுத்த ஆண்டே, சீரி பி-யில் ஆடிக்கொண்டிருந்தபோதே, ரொபெர்ட்டோ மான்சினி அவரைத் தேசிய முகாமுக்கு அழைத்துவிட்டார். 2019-ல் ப்ரேஷா பட்டம் வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது.

நீண்ட தலைமுடி, நடுக்களம், ப்ரேஷா. இந்த மூன்றும் சேர்ந்ததும் இத்தாலியப் பத்திரிகைகளுக்கு ஆந்த்ரேயா பிர்லோ நினைவுக்கு வந்தார். பிர்லோவும் ப்ரேஷாவில் தொடங்கியவர்தான். 'புதிய பிர்லோ' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. டொனாலியோ தன்னை ஜென்னாரோ கட்டூசோவுடன்தான் ஒப்பிட்டுக்கொண்டார். நுணுக்கமான பாஸ்களுக்குப் பேர்போனவர் பிர்லோ. பந்தைப் பறிக்க ஓயாமல் ஓடியவர் கட்டூசோ. ஒரே மிலான் அணியில் தோளோடு தோள் நின்றவர்கள். சிறுவயதிலிருந்தே மிலான் ரசிகரான டொனாலி 2020-ல் சான் சீரோ மைதானத்தில் ஆடும் அந்த கிளப்புக்கே கடன் ஒப்பந்தத்தில் வந்தபோது, கட்டூசோ அணிந்த 8-ஆம் எண் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு முன் கட்டூசோவுக்கே போன் போட்டு அனுமதி கேட்டதாகச் செய்திகள் வந்தன.

முதல் சீசன் சரியாகப் போகவில்லை. மிலான் அவரை நிரந்தரமாக வாங்கத் தயங்கியது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அவர் அங்கேயே தங்கினார். அடுத்த சீசனில் அதற்கான பதில் கிடைத்தது. 2022 ஏப்ரல் 24, ரோம் நகரில் லாட்சியோவுக்கு எதிராக 1-1. கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடம். சக வீரர் இப்ராஹிமோவிச் தலையால் தட்டிவிட்ட பந்தைத் துரத்திச்சென்று வலைக்குள் தள்ளினார் டொனாலி. தன் 22-ஆம் பிறந்த நாளில் வெரோனாவுக்கு எதிராக இரண்டு கோல். மே 22 அன்று, 11 ஆண்டுகளுக்குப் பிறகு, மிலான் இத்தாலிய சாம்பியன் ஆனது.

பெட்டிச் செய்தி: டொனாலியின் தடம்

பிறப்பு: 2000 மே 8, லோடி, இத்தாலி
இடம்: நடுக்களம்
கிளப்புகள்: ப்ரேஷா (2017-2020), ஏசி மிலான் (2020-2023), நியூகாசில் யுனைடெட் (2023 முதல்)
தேசிய அணி அறிமுகம்: 2019 அக்டோபர் 15, லீக்டன்ஸ்டைனுக்கு எதிராக
பட்டங்கள்: சீரி பி (2018-19), சீரி ஆ (2021-22), இங்கிலாந்து லீக் கோப்பை (2024-25)
தடை: 2023 அக்டோபர் முதல் 2024 ஆகஸ்ட் வரை

இரண்டு தேதிகள்

நியூகாசிலுக்காக டொனாலியின் முதல் லீக் ஆட்டம் 2023 ஆகஸ்ட் 12. எதிரணி ஆஸ்டன் வில்லா. ஆறாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். நியூகாசில் 5-1 என்று வென்றது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம் அன்றே அவரைத் தத்தெடுத்துக்கொண்டது.

இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் பிற்பாடு அவர் மீது வைத்த குற்றச்சாட்டைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. விதியை மீறிப் பந்தயம் கட்டியதாக அது குறிப்பிடும் காலம், 2023 ஆகஸ்ட் 12 முதல் அக்டோபர் 12 வரை. அதாவது அறிமுக ஆட்டத்து நாளில் தொடங்கி, கோவெர்ச்சானோவுக்குப் போலீஸ் வந்த நாள் வரை. ஊரே பேரைச் சொல்லிப் பாடிய அந்த இரண்டு மாதமும் அவரால் பந்தயத்தை நிறுத்த முடியவில்லை. பணத்துக்குக் குறையில்லை, புகழுக்குக் குறையில்லை, ஆசைப்பட்ட தொழிலின் உச்சத்தில் இருக்கிறார். ஆனாலும் கை கைப்பேசிக்குத்தான் போகிறது. இதைப் பேராசை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

மருத்துவ உலகம் எப்போதோ இதைப் புரிந்துகொண்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், மது, போதைப்பொருள் அடிமைத்தனங்கள் இருக்கும் அதே பிரிவுக்குச் சூதாட்டக் கோளாறையும் மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அதை அடிமையாக்கும் பழக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. டொனாலியின் ஏஜென்ட் ஜூசெப்பே ரீசோவும், இது ஒரு நோய், என் வீரர் இதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில்தான் வெளிப்படையாகப் பேசினார்.

இத்தாலியில் ஆன்லைன் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. உரிமம் பெற்ற தளத்தில் அடையாளத்தைக் காட்ட வேண்டும், முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டும். ஆனால் கால்பந்தைத் தொழிலாகக் கொண்டவர், உரிமம் பெற்ற தளத்தில்கூடக் கால்பந்து மீது பந்தயம் கட்டக் கூடாது. ஆகவே வீரர்கள் ஒதுங்குவது உரிமம் இல்லாத தளங்களில். அங்கே கடனுக்கு ஆடலாம். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். இதே வழக்கில் முதலில் சிக்கிய யுவென்டஸ் நடுக்கள வீரர் நிக்கோலோ ஃபஜோலிக்கு, சுமார் 30 லட்சம் யூரோ கடன் ஏறியிருந்ததாக இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. வெளியான அவரது வாக்குமூலத்தின்படி, ஒரு தளத்தை அவர் முதலில் பார்த்தது இளையோர் தேசிய அணியின் முகாமில். பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே செய்ய ஒன்றுமில்லாத மணி நேரங்கள், கையில் போன், பையில் இருபது வயதுக்கு மீறிய பணம்.

மிலானில் இருந்தபோது மிலான் வெல்லும் என்றே டொனாலி பந்தயம் கட்டியிருந்தார். நியூகாசிலிலும் சொந்த அணி வெல்லும் என்றுதான். ஆட்டத்தை விற்றதாக அவர் மீது குற்றச்சாட்டே இல்லை. ஜெயிக்கும் என்றுதானே கட்டினார், அதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. யாருக்குக் காயம், யார் ஆடப்போகிறார் என்பதெல்லாம் வீரருக்கு முன்னாலேயே தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து கடன். உரிமம் இல்லாத தளக்காரரிடம் லட்சக்கணக்கில் கடன்பட்ட வீரரிடம், நாளைக்கு அந்த ஆள் வந்து ஒரு மஞ்சள் அட்டை வாங்கு, ஒரு பெனால்டியைக் கொடு என்று கேட்கலாம். விதி அவ்வளவு கடுமையாக இருப்பது இதனால்தான்.

பதினெட்டில் எட்டு

இத்தாலிய சம்மேளனத்தின் சட்டப்படி, கால்பந்து மீது பந்தயம் கட்டிய வீரருக்குக் குறைந்தது 3 ஆண்டு தடை. 23 வயது நடுக்கள வீரருக்கு அது கிட்டத்தட்ட ஆட்டத்தை மறந்துவிடு என்று சொல்வது போலத்தான். டொனாலி எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கும் மேலாகவே விசாரணையாளர்களிடம் சொன்னார். உடன்பாடு ஏற்பட்டது. 2023 அக்டோபர் 26 அன்று சம்மேளனத் தலைவர் கேப்ரியேலே கிராவினா முடிவை அறிவித்தார்: மொத்தம் 18 மாதம். அதில் 10 மாதம் ஆடத் தடை. மீதி 8 மாதத்துக்குப் பதிலாகச் சூதாட்ட அடிமைத்தனத்துக்கான சிகிச்சை, கூடவே குறைந்தது 16 பொதுக் கூட்டங்களில் தன் அனுபவத்தை நேரில் பேச வேண்டும். 20,000 யூரோ அபராதம்.

இத்தாலியின் பழைய கதையோடு வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். 1980 மார்ச்சில், பந்தயத்துக்காக ஆட்ட முடிவுகளை விற்ற 'டோட்டோநேரோ' ஊழலில், ஆட்டம் முடிந்த கையோடு மைதானங்களிலேயே வீரர்களைக் கைது செய்தது போலீஸ். மிலானும் லாட்சியோவும் சீரி பி-க்குத் தள்ளப்பட்டன. முன்கள வீரர் பாவ்லோ ரோஸ்ஸிக்கு 3 ஆண்டு தடை, பிறகு அது 2 ஆண்டாகக் குறைந்தது. நான் குற்றமற்றவன் என்று அவர் கடைசிவரை சொன்னார். 1982 வசந்தத்தில் திரும்பி வந்து, அந்தக் கோடையிலேயே ஸ்பெயினில் 6 கோல் அடித்து இத்தாலிக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். இத்தாலியர்கள் இன்றும் பூரித்துப் பேசும் கதை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்கு என்ன தேவை என்று எந்தத் தீர்ப்பும் யோசிக்கவில்லை. ஆட்டத்தை ஊழல்படுத்திய வழக்கும் இதுவும் ஒன்றல்ல என்பது உண்மை. இருந்தாலும், 43 ஆண்டுகளில் ஒரு சம்மேளனம் தண்டனையைப் பற்றி யோசிக்கும் விதமே மாறியிருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

பெட்டிச் செய்தி: இங்கிலாந்து என்ன செய்தது?

இங்கிலாந்தில் ஆடிய காலத்திலும் பந்தயம் கட்டியதை டொனாலியே முன்வந்து சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்க வாய்ப்பு குறைவு.
2024 மார்ச்: ஏறத்தாழ 50 விதிமீறல்கள் என்று கால்பந்து சங்கத்தின் குற்றச்சாட்டு.
2024 மே: 2 மாதத் தடை, ஆனால் நிறுத்திவைப்பு; 2024-25 சீசன் முடிவதற்குள் மறுபடி தவறினால் மட்டுமே அமலாகும். 20,000 பவுண்டு அபராதம்.
ஒப்பிட: பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனிக்கு, 232 விதிமீறல்களுக்காக, 2023 மே மாதம் 8 மாதத் தடை. அவருக்கும் சூதாட்ட அடிமைத்தனம் கண்டறியப்பட்டது. ஆனால் முதல் நான்கு மாதம் கிளப்போடு பயிற்சி செய்யவே அனுமதி இல்லை.

பூட்டாத கதவு

டோனியைப் பயிற்சிக்குக்கூட விடாததை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அடிமைத்தனத்திலிருந்து மீள முயலும் ஒருவரிடமிருந்து தினசரி வேலை, சக ஆட்டக்காரர்கள், காலையில் எழுந்து போக ஒரு இடம், இந்த மூன்றையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வீடும் போனும்தான். டோனிக்கு நடந்தது அது. டொனாலிக்கு அது நடக்கவில்லை. ஆடத்தான் தடை, பயிற்சிக்குத் தடை இல்லை. பயிற்சியாளர் எடி ஹோவின் அணியோடு பயிற்சியைத் தொடர்ந்தார். சிகிச்சையும் கூட நடந்தது.

நியூகாசிலுக்கு இது லேசான இழப்பு இல்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் 12 ஆட்டங்களோடு சீசனை முடித்துக்கொண்டார். ஜோலின்டன், வில்லாக் என நடுக்களத்தில் காயங்கள் வரிசை கட்டின. 17 வயது லூயிஸ் மைலியை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பையன் நன்றாகவே தாங்கினான். சாம்பியன்ஸ் லீக் பிரிவில் கடைசி இடம். டொனாலியின் பழைய மிலானே வந்து, டிசம்பரில் 2-1 என்று கடைசி ஆட்டத்தில் வீழ்த்தியது. லீக்கில் 7-ஆம் இடம், அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டி இல்லை. ஆத்திரப்பட்டிருந்தால், ஒப்பந்தத்தை முறிப்போம், நஷ்டஈடு கேட்போம் என்று கிளம்பியிருக்கலாம். கிளப்பும் ரசிகர்களும் அந்த வழிக்குப் போகவில்லை. தடை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நிலையில், அக்டோபர் 21 அன்று கிரிஸ்டல் பேலஸுடனான ஆட்டத்தில் மாற்று வீரராக அவர் இறங்கியபோது, மைதானம் கைதட்டி வரவேற்றது.

இத்தாலிக்கும் அடி விழுந்தது. 2024 யூரோவை அவர் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடியும். நடப்புச் சாம்பியனாகப் போன இத்தாலி, பெர்லினில் ஸ்விட்சர்லாந்திடம் 2-0 என்று தோற்று, காலிறுதிக்கு முன்பே வீடு திரும்பியது. நடுக்களத்தில் பந்தைப் பிடித்துவைக்க ஆள் இல்லாமல் தவித்ததுதான் அந்த ஆட்டத்தில் கண்ணில் பட்டது.

பின்னால் நகர்ந்து முன்னேறியவர்

2024 ஆகஸ்ட் 28 அன்று, லீக் கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே இறங்கினார். ஒன்பது நாள் கழித்து பாரிஸ், பிரான்ஸுக்கு எதிராகத் தேசிய அணிச் சட்டை. ஆட்டம் தொடங்கி 13 வினாடியில் பிரான்ஸ் கோல் போட்டுவிட்டது. முப்பதாவது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து சக வீரர் திமார்கோ பந்தைப் பெட்டிக்குள் அனுப்பி, தானும் ஓடிவருகிறார். கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் டொனாலி திரும்பிப் பார்க்கவே இல்லை. குதிகாலால் ஒரு தட்டு. பந்து எழும்பி வர, திமார்கோ அதைத் தரையில் படவிடாமல் இடக்காலால் வலையின் மேல்மூலைக்கு அடிக்கிறார். பத்து மாதம் ஆடாதவரின் கால் போலவே இல்லை. இத்தாலி 3-1 என்று வென்றது. நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துக்கு எதிரான ஒரே கோலை அடித்தார். தேசிய அணிக்காக அவர் அடித்த முதல் கோல் அது.

கிளப்பில் அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கவில்லை. இலையுதிர்காலம் முழுக்க உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். டிசம்பரில் ஹோ ஒரு மாற்றம் செய்தார். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ப்ரூனோ கிமரேஸை முன்னே தள்ளி, அந்த இடத்தில் டொனாலியை நிறுத்தினார். அந்த இடத்தில் நிற்பவர் பின்களத்திலிருந்து பந்தை வாங்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் யார் என்று வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், பந்து பறிபோன நொடியில் குறுக்கே பாய வேண்டும். பிர்லோவா கட்டூசோவா என்று இத்தனை காலம் நடந்த விவாதத்துக்கு, இரண்டு பேரின் வேலையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டிய அந்த இடம்தான் விடை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நியூகாசில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றது. அதில் ஒன்று லீக் கோப்பைக் காலிறுதி; பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான அந்த 3-1 வெற்றியில் இரண்டு கோல் டொனாலியுடையது.

2025 மார்ச் 16, வெம்பிளி. லிவர்பூலை 2-1 என்று வீழ்த்தி லீக் கோப்பையைத் தூக்கியது நியூகாசில். 1955-க்குப் பிறகு, 70 ஆண்டுகள் கழித்து, அந்த கிளப் உள்நாட்டில் வென்ற முதல் பெரிய கோப்பை. தாத்தா பார்த்ததைக் கேட்டு மட்டுமே வளர்ந்த பேரன்கள் அன்று அழுதார்கள். சீசன் முடிவில் சாம்பியன்ஸ் லீக் இடமும் திரும்பக் கிடைத்தது.

2025 ஜூனில் இத்தாலியின் பயிற்சியாளராக வந்தவர் கட்டூசோ. 2018, 2022 உலகக் கோப்பைகளுக்குத் தகுதி பெறாத நாடு மறுபடி தடுமாறிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 8 அன்று ஹங்கேரியின் டெப்ரெட்சனில் இஸ்ரேலுக்கு எதிராக 4-2 என்று முன்னிலையில் இருந்து 4-4 ஆனது. கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர், ஒருகாலத்தில் கட்டூசோவின் 8-ஆம் எண்ணைக் கேட்டு வாங்கிய பையன்.

பணம் போகும் பாதை

டொனாலி எழுந்துவிட்டார். அவரை வீழ்த்திய தொழில் எந்தக் குறையுமில்லாமல் ஓடுகிறது. இத்தாலி 2018-ல் சூதாட்ட விளம்பரங்களையும் ஸ்பான்சர்ஷிப்பையும் சட்டம் போட்டுத் தடை செய்தது. பந்தய நிறுவனங்கள் விளையாட்டுச் செய்தித் தளம் என்ற பெயரில் வேறொரு பிராண்டை உருவாக்கி, அதே பெயரோடு உள்ளே வந்துவிட்டன. 2024-25 சீசனில் இன்டர் மிலான் சட்டையின் நெஞ்சில் இருந்தது 'பெட்சன்.ஸ்போர்ட்'. கிளப்புகளோ, தடையையே எடுத்துவிடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டுவருகின்றன.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 ஏப்ரலில் தாமாகவே ஒரு முடிவெடுத்தன: 2025-26 சீசன் முடிந்த பிறகு சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் இருக்காது. சட்டைக் கையில் இருக்கலாம். மைதானத்தைச் சுற்றி ஓடும் விளம்பரப் பலகைகளிலும் இருக்கலாம். டொனாலி சேர்வதற்கு முந்தைய சீசன்வரை நியூகாசில் சட்டையிலேயே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் பந்தோடு ஓரக்கோட்டுக்கு ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகைகளைக் கடந்துதான் ஓட வேண்டும்.

கால்பந்து மீது கட்டப்படும் பந்தயப் பணத்தில் ஒரு பங்கு கால்பந்துக்கே வர வேண்டும், இளையோர் பயிற்சிக்கும் மைதானங்களுக்கும் அது உதவும் என்று இத்தாலியில் சில ஆண்டுகளாகக் கோரிக்கை இருக்கிறது. சம்மேளனத் தலைவராக அதைத் தொடர்ந்து கேட்டுவந்தவர் கிராவினாதான். டொனாலிக்குச் சிகிச்சையோடு கூடிய தண்டனையை அறிவித்த அதே கிராவினா. காலியான கஜானாவை நிரப்ப அவர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த ஏற்பாட்டை ஏற்க முடியவில்லை. பந்தயம் கூடக்கூடத்தான் பயிற்சி மையங்களுக்கு வரும் தொகையும் கூடும் என்றால், பந்தயத்தைக் குறைக்க வேண்டும் என்று கால்பந்துக்குள் இருந்து குரல் கொடுக்க யாருக்கு மனம் வரும்?